டீச்சரம்மாவின் படகுக்குப் பஞ்சு வைத்த கதை

இரவு பதினோரு மணி. படகுத்துறைக்குப் போகிற சாலை... விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கும், எரிகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு பக்கம் உப்புத் தண்ணீர். மறு பக்கம் பூட்டிக் கிடக்கிற சரக்குக் கிட்டங்கிகள். நடுவில் ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டரில் இரண்டு பேர்.

இரண்டு பேர் என்றா சொன்னேன்? தப்பு. ஓட்டுகிறவன் ஒருத்தன்தான். பின்னால் உட்கார்ந்திருந்தது ஒரு பஞ்சுச் சுருள். ஆள் உயரம், கறுப்பு நிறம், இடுப்பில் கயிறு கட்டியது. காற்றடிக்கும்போது ஓட்டுகிறவன் தோளில் மெல்லச் சாயும்... அவ்வளவுதான். இதற்கே போர்வையை இழுத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். பேய் இன்னும் வரவில்லை.

ஓட்டியவன் என் சிநேகிதனுக்கு மச்சான், தங்கை புருஷன். சிநேகிதன் சலூன் வைத்திருக்கிறவன். சவரக் கத்தியை என் தொண்டையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னான். நான் நம்பாமல் என்ன செய்வேன்?

மச்சானுக்குப் பெயர் என்று ஒன்று உண்டு. ஆனால் தொழிலைப் பார்த்து எல்லோரும் பஞ்சு என்றே கூப்பிட்டார்கள். சத்தத்தை அடைக்கிற தொழில். ஜெனரேட்டர் அறை, மாவு ஆலை, படகு எஞ்சின்... எது சத்தம் போட்டாலும் பஞ்சும் ஈயத் தகடும் பசையும் எடுத்துக்கொண்டு போவான். சுற்றிலும் ஒட்டி வாயை அடைத்துவிட்டு வருவான். வீட்டில்தான் அந்த வித்தை பலிக்கவில்லை. ரெட்டைப் பிள்ளைகள், இரண்டுக்கும் பல் முளைக்கிற நேரம். ஒன்று அழுது ஓய்ந்தால் மற்றது ஆரம்பிக்கும், ஷிஃப்ட் போட்டு வேலை பார்க்கிற மாதிரி.

"ஊர் வாயெல்லாம் அடைக்கிறீங்களே, இந்த ரெண்டு வாய அடைங்க பாப்போம்," என்பாள் அவன் பெண்டாட்டி.

அவன் கடைசியாக எப்போது தூங்கினான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. நின்றால் கண் சொருகும். சிக்னலில் பச்சை விழுந்தால் பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்துத்தான் எழுப்பவேண்டும். இதைச் சொல்லிவைக்கக் காரணம் உண்டு. பயப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அது அவனிடம் இல்லை.

துறை வாசலில் ஒரு காவலாளி. காதை மூடி மஃப்ளர் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"டீச்சரம்மா படகுக்கு, அண்ணே. எஞ்சின் சத்தம் அடைக்கணும்னு ஃபோன் பண்ணாங்க."

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பஞ்சுச் சுருளையும் மேலும் கீழும் பார்த்தார்.

"போங்க தம்பி. வண்டிய இப்படித் திருப்பி நிறுத்திட்டுப் போங்க."

"எதுக்குண்ணே?"

"போன வாரம் ஒருத்தரு வந்தாரு. ஓடி வரும்போது வண்டியத் திருப்ப நேரமில்ல. அப்படியே போட்டுட்டுப் போயிட்டாரு. அதோ நிக்குது பாருங்க. சாவி கூட அதுலதான் இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் இங்கேயே கதை முடிந்திருக்கும். பஞ்சு கொட்டாவி விட்டான். வண்டியைத் திருப்பி நிறுத்தினான். சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மரப்பாலத்தில் நடந்தான். பலகை டக்... டக்... என்றது. கீழே தண்ணீர் நக்குகிற சத்தம். கடைசிப் படகு டீச்சரம்மாவுடையது. பாய்மரப் படகு. பாயைச் சுருட்டி உறை போட்டிருந்தது, பல வருஷமாக அவிழ்க்காத உறை. உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு.

டீச்சரம்மா வாசற்படியில் நின்றார். அறுபதைத் தாண்டியவர். கண்ணுக்குக் கீழே கருவளையம்; யாரோ கட்டை விரலால் மை ஒற்றியதுபோல.

"வாங்க தம்பி. தலை பத்திரம், மேல இடிக்கும்."

இடித்தது. உள்ளே அலமாரி மாதிரி ஒரு வீடு. அடுப்பு, மேஜை, சுவரோடு சேர்த்து ஒரு படுக்கை. படுக்கையின் தலைமாட்டுக்குக் கீழே சின்னச் சல்லடை போட்ட ஒரு காற்றுத் துளை. காலடியில் தரையோடு தரையாக எஞ்சின் அறையின் மூடி. எல்லாம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. டீசல் வாசனை மட்டும் போகவில்லை. அதோடு கலந்து இன்னொரு வாசனை... எண்ணெய்க் கையைக் கழுவ மெக்கானிக்குகள் போடுகிற கரகரப்பான சோப்பு வாசனை.

"பகல்ல வந்து பாத்திருப்பேனேம்மா. ராத்திரிதான் வரணும்னீங்க."

"பகல்ல சத்தம் இருக்காது தம்பி. உக்காருங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்." தேநீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கண் மூடிவிட்டார். தம்ளர் வழிந்தது. பஞ்சு மெதுவாகக் கெட்டிலை நிமிர்த்தினான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தூங்காதவர்களுக்குத் தூங்காதவர்களைத் தெரியும்.

அப்போதுதான் வந்தது.

முதலில் ஒரு இருமல். க்ர்ர்ர்... க்ர்ர்ர்... பிடிக்காமல் நின்றது. மறுபடியும் க்ர்ர்ர்... பிறகு டுப். டுப். டுப்-டுப்-டுப்-டுப்... ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். தம்ளருக்குள் கரண்டி கிணுகிணு என்று ஆடியது. பலகை வழியாக முழங்காலுக்கு ஏறி, அங்கிருந்து பல்லுக்கு ஏறியது.

பஞ்சுவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எஞ்சினைப் பார்க்க வந்தான், எஞ்சின் ஓடுகிறது. சுவரில் கையை வைத்தான். தரையில் கையை வைத்தான். எங்கே அதிகம் என்று பார்த்தான். அடித்தொனி, வெறும் பஞ்சுக்கு மசியாது, நடுவில் ஈயம் வைக்கவேண்டும் என்று மனதில் கணக்குப் போட்டான்.

"சரிம்மா, நிறுத்துங்க. பாத்தாச்சு."

டீச்சரம்மா எழுந்தார். ஸ்விட்சுக்குப் போவார் என்று நினைத்தான். அவர் படுக்கையின் தலைமாட்டில் குனிந்தார். சல்லடைக்குப் பக்கத்தில் வாயை வைத்தார். முப்பது வருஷம் மூன்றாம் வகுப்பை அடக்கிய குரல்.

"போதும்! நிறுத்துங்க!"

டுப்... டுப்......... டுப். நின்றது.

பஞ்சு கொஞ்ச நேரம் சல்லடையைப் பார்த்தான். பிறகு கீழே உட்கார்ந்து மூடியைத் தூக்கினான். டார்ச் அடித்தான்.

எஞ்சின் இல்லை.

எஞ்சின் உட்காருகிற கட்டைகள் இருந்தன. போல்ட்டு போன ஓட்டைகள் இருந்தன. காய்ந்த எண்ணெய்க் கறை இருந்தது. குழாய் முனைகளில் துணி சுற்றிக் கட்டியிருந்தது. தண்ணீரைத் தள்ளுகிற விசிறி கிடையாது. அதன் தண்டு போகிற துளையில் மரத் தக்கை அடித்துத் தார் பூசியிருந்தது. கையை விட்டு நாலு பக்கமும் துழாவினான். ஒன்றும் இல்லை... காற்றுதான் வெதுவெதுப்பாக இருந்தது.

அங்கே மூலையில் சிரிப்பது யார்? சிரிக்கலாம். நானும் சலூனில் சிரித்தேன். கத்தி அழுத்தியதும் நிறுத்திவிட்டேன்.

"எஞ்சின் எங்கம்மா?"

"வித்தாச்சு தம்பி. வீட்டுக்காரரு தவறின மாசத்துலயே. ராத்திரியானா தானா ஓடுது, வயர்ல கோளாறுன்னாங்க. வயரக் கழட்டியும் ஓடிச்சு. சரி, எஞ்சினே வேணாம்னு கிரேன் வச்சுத் தூக்கிக் குடுத்தேன். அன்னைக்கு ராத்திரி நிம்மதியாப் படுத்தேன்..." அவர் காலியான கட்டைகளைப் பார்த்தார். "எப்பவும்போல ஆரம்பிச்சிடுச்சு."

"இத ஃபோன்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா வந்திருப்பீங்களா?"

பஞ்சு யோசித்தான். ஓடலாம். வண்டியும் திரும்பித்தான் நிற்கிறது. ஆனால் மரப்பாலம் நீளம். அதை ஓடிக் கடந்து, வண்டியை உதைத்து, வீட்டுக்குப் போனால்... அங்கே பல் முளைக்கிற இரண்டு பேர். அவன் மூடிமேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

டீச்சரம்மா சொன்ன கதை சின்னதுதான். புருஷனுக்குக் கடலில் போகவேண்டும் என்று ஆசை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று இந்தப் படகை வாங்கினார். இனி இதுதான் வீடு, நாளைக்குக் கிளம்பிவிடலாம் என்றார். மறுநாள் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார், திருப்தி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தினமும் ராத்திரி எஞ்சினைப் போடுவார், காது கொடுத்துக் கேட்பார், தலையை ஆட்டுவார். படகு துறையை விட்டு ஒரு சாண் நகரவில்லை.

"எனக்கும் அதுதான் சௌகரியம். கடல்னா எனக்குப் பயம். போதும், நிறுத்துங்கன்னுவேன். உடனே நிறுத்திடுவாரு. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. இப்பவும் சொன்னா நிறுத்திடறாரு. ஆனா நான் கண்ணசந்ததும் திரும்பப் போடறாரு. நான் எந்திரிக்கணும். குனியணும். நிறுத்துங்கன்னு கத்தணும். உயிரோட இருந்தப்போ ஒரு தடவை சொன்னாப் போதும். இப்போ விடிய விடியச் சொல்லணும்." அவர் குரலில் பயம் இல்லை, கோபமும் இல்லை. பாத்திரம் தேய்த்து முடியாதவர் குரல். "எனக்குப் போக வேற இடம் கிடையாது தம்பி. பேய ஓட்டச் சொல்லல. அவரு பாட்டுக்கு ஓட்டட்டும். எனக்கு ஒரு ராத்திரி... ஒரே ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும்."

"சத்தம் இங்கருந்துதான வருது?"

"இங்கருந்துதான்."

"அப்போ அடைச்சிடலாம்மா," என்றான் பஞ்சு.

மறுநாள் பகலில் வேலை ஆரம்பித்தான். உள்ளே இறங்கி எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டித் துடைத்தான். அட்டையில் அளவு வெட்டினான். ஒரு அடுக்குப் பஞ்சு, அதன்மேல் ஈயத் தகடு, மறுபடி பஞ்சு. ஆணி அடிக்கவில்லை. ஆணியைப் பிடித்துக்கொண்டு சத்தம் மேலே ஏறி வந்துவிடும். எல்லாம் பசைதான். பசை நாற்றத்தில் தலை கிறுகிறுத்தது. மேலே டீச்சரம்மா வெயிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே தூங்கி விழுவார். திடுக்கென்று நிமிர்வார். தண்டைச் சட்டியிலும் இலையைக் கடலிலும் போடுவார்.

வேலை போகப் போகப் பஞ்சுவுக்கு ஒரு குஷி பிறந்தது. ஏன் என்று தொழில் தெரிந்தவனுக்குத்தான் புரியும். எந்த எஞ்சின் அறையையும் முழுசாக அடைக்க முடியாது. எஞ்சினுக்கு மூச்சு வேண்டும். எங்கேயாவது ஒரு காற்றுத் துளை விட்டே ஆகவேண்டும். எவ்வளவு வளைத்து நெளித்து விட்டாலும் அதன் வழியாகக் கொஞ்சம் சத்தம் வெளியே வரும். எத்தனையோ அறைகளைப் பார்த்துப் பார்த்து ஒட்டிவிட்டு, கடைசியில் அந்த ஒரு துளையிடம் தோற்றுத் திரும்பியவன் அவன். இங்கே...

"டீச்சரம்மா, இந்தத் தலைமாட்டுச் சல்லடை இருக்குல்ல, அது எஞ்சின் அறையோட காத்துக் குழாய். இதையும் அடைச்சிடறேன்."

"அடைக்கலாமா தம்பி?"

"எஞ்சினுக்குத்தாம்மா மூச்சு வேணும். இங்க எஞ்சினே இல்லையே!" அவன் சிரித்தான். வந்த நாளிலிருந்து முதல் சிரிப்பு. "என் சர்வீஸ்ல முழுசா அடைக்கப் போற மொத ரூம் இதான்."

குழாய்க்குள் பஞ்சைத் திணித்தான். ஈய வில்லை வைத்தான். எஞ்சின் அறைப் பக்கம் அதன்மேல் ஒரு தனி அடுக்கு ஒட்டினான். மூடியின் விளிம்பில் ரப்பர். கடைசியில் சோதனை. எரிகிற விளக்கை உள்ளே வைத்து, மூடியைப் போட்டு, வெளி விளக்கையெல்லாம் அணைப்பான். வெளிச்சம் கசிகிற இடத்தில் சத்தமும் கசியும். அணைத்தான். இரண்டு பேரும் இருட்டில் நின்றார்கள். ஒரு கீற்று இல்லை. மூடியைத் திறந்தான்...

விளக்கு அணைந்திருக்கும் என்றுதானே நினைத்தீர்கள்? நன்றாக எரிந்துகொண்டிருந்தது. நான் அந்த மாதிரிக் கதை சொல்கிறவன் இல்லை.

அன்று ராத்திரி பஞ்சு கூடவே இருந்து பார்த்தான். டீச்சரம்மா புது விரிப்பு போட்டார். தலையணையைத் தட்டினார். படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அந்த நேரம் வந்தது... போனது. தண்ணீர் நக்குகிற சத்தம். ஒரு கயிறு முனகுகிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை.

"டீச்சரம்மா, பாத்தீங்களா?" என்று திரும்பினான்.

அவர் தூங்கிவிட்டிருந்தார். கை கட்டிலிலிருந்து தொங்கியது. பஞ்சு போர்வையை இழுத்துவிட்டான். பையை எடுத்தான். மேஜையில் அரைத் தம்ளர் தண்ணீர். அதில் வட்டம் வட்டமாக... விளிம்பிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து விளிம்புக்கு... தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து மூடியில் உள்ளங்கையை வைத்தான். லேசான துடிப்பு. தூங்குகிற மாட்டின் விலாவில் கை வைத்ததுபோல. காதுக்கு ஒன்றும் இல்லை. நல்ல வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

விடிந்ததும் ஃபோன். காவலாளி.

"தம்பி, டீச்சரம்மா படகக் காணோம்."

பஞ்சு போய்ச் சேர்ந்தபோது மீன்பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் தங்கள் படகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். துறைமுக வாயைத் தாண்டி, கரை மறைகிற தூரத்தில் கிடந்ததாம். ராத்திரி காற்றும் இல்லை, அலையும் இல்லை. பாய்க்குப் போட்ட உறை போட்டபடி இருந்தது. கட்டியிருந்த கயிறுகள் மட்டும் அறுந்திருந்தன. கத்தியால் வெட்டியது இல்லை. இழுத்து இழுத்து, புரி புரியாக, கடைசிப் புரி வரைக்கும் பிய்ந்தது. துறையில் கட்டுக்கம்பம் பாதி பெயர்ந்து சாய்ந்திருந்தது.

"அம்மாவ எழுப்ப நாங்க பட்ட பாடு," என்றார் மீன்காரர். "உலுக்கு உலுக்குன்னு உலுக்குறோம். கண்ணத் தொறந்து, விடிஞ்சிருச்சான்னு கேக்குறாங்க. சுத்திப் பாத்தா நடுக்கடல்!"

டீச்சரம்மா படியில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே மை குறைந்திருந்தது. முகம் கழுவி விட்டதுபோல இருந்தது.

மீன்காரர்கள் போனதும் பஞ்சு மூடியைத் திறந்தான். சோப்பு வாசனை குப்பென்று அடித்தது. டார்ச்சை ஒவ்வொரு பக்கமாக ஓட்டினான். மேல்பக்கம் சரி. இடது பக்கம் சரி. தலைமாட்டுக் குழாய் இருந்த பக்கம்... பஞ்சு பிய்ந்திருந்தது. பிய்த்துப் பிய்த்துக் கீழே போட்டிருந்தது, கறுப்பு அவல் மாதிரி ஒரு குவியல். ஈயத் தகடு உள்ளேயிருந்து வழித்து வழித்துத் தேய்ந்து பளபளத்தது. நகத்தால் சுரண்டினால் அப்படித்தான் பளபளக்கும். மற்ற இடம் எதையும் தொடவில்லை. இந்த ஒரு இடம்தான். உள்ளங்கை அகலம். ஆனால் வட்டமில்லை... மேலே அகலமாக, கீழே ஒடுங்கி.

டீச்சரம்மா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"காது," என்றார். "அவருக்குக் காது கொஞ்சம் பெருசு."

அப்போதுதான் பஞ்சுவுக்கு உறைத்தது. அத்தனை வருஷம் தொழில் செய்தவன். சத்தம் வெளியே வரும் வழியையே பார்த்துப் பார்த்துப் பழகியவன். உள்ளே போகிற வழியும் அதுதான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எஞ்சின் அறைக்கு வெளியே நின்று எவன் எஞ்சினோடு பேசுகிறான்?

"தப்புப் பண்ணிட்டேன்மா. அவரு சத்தம் உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு அடைச்சேன். நீங்க நிறுத்தச் சொல்றது அவருக்குக் கேக்கணும்கிறத யோசிக்கல. நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு காத வச்சுப் பாத்திருக்காரு. சொல்லல. சரி, கிளம்பலாம்னு சொல்றாங்கன்னு..."

டீச்சரம்மா படுக்கையில் உட்கார்ந்தார்.

"நேத்து நான் கனவு கூடக் காணல தம்பி," என்றார். "எத்தன நாள் ஆச்சு தெரியுமா, அப்படித் தூங்கி?"

"தெரியும்மா."

"அந்த எடத்த ஒட்டிடுங்க."

"அம்மா, ஒட்டினா திரும்பவும் படகு..."

"ஒட்டிடுங்க தம்பி. ரெண்டு மடங்கா ஒட்டுங்க. பாவம், சுரண்டிச் சுரண்டிக் கை வலிச்சிருக்கும். கேக்காதுன்னு தெரிஞ்சா விட்டுடுவாரு."

"கடல்னா பயம்னீங்களே."

"முழிச்சிருந்தாத்தான பயம்." கொட்டாவி விட்டார். அதைப் பார்த்துப் பஞ்சுவும் விட்டான். "நாளைக்கு நாளைக்குன்னு அவரு சொன்னப்பல்லாம் நான்தான் நிறுத்தினேன். நிறுத்தி நிறுத்தி எனக்குத் தொண்டையும் போச்சு, தூக்கமும் போச்சு. இனிமே என்னால கத்த முடியாது. போகணும்னா போகட்டும்."

"நான் வேணும்னா அந்தக் குழாயத் தொறந்து விட்டுடறேன். பழையபடி..."

"பழையபடியா?" டீச்சரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுப் பாடம் எழுதாத பையனைப் பார்க்கிற பார்வை. "நீங்க உங்க வீட்டுல ராத்திரி ஒரு தடவ எந்திரிச்சாலே மறுநாள் முகம் எப்படி இருக்கும்? கண்ணாடியப் பாருங்க தம்பி."

இந்த உலகத்தில் தூக்கத்துக்காக எதையும் கொடுக்கத் தயாராக இருக்கிற இரண்டு பேர் அந்தச் சின்ன அறைக்குள் இருந்தார்கள். ஒருத்தரிடம் போய் இன்னொருத்தர் என்ன புத்தி சொல்வது?

ஒட்டினான். இரண்டு அடுக்கு ஈயம். அதன்மேல் மூன்று விரல் கனத்துக்குப் பஞ்சு. விளிம்பெல்லாம் பசை. ஒட்டும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னானாம்: "ஐயா, அம்மா தூங்குறாங்க. பாத்துப் போங்க." பிறகு மூடிவிட்டான்.

வெளியே வந்து புதுக் கயிறு எடுத்தான். கட்டுக்கம்பத்தைப் பார்த்தான். டீச்சரம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"இறுக்கிக் கட்டாதீங்க தம்பி. துறைக்காரங்க கம்பம் வீணாப் போகும். சும்மா ஒரு சுத்து சுத்தி விடுங்க, போதும்."

ஒரு சுற்று சுற்றிவிட்டான். முடிச்சுப் போடவில்லை.

அன்று ராத்திரி பிள்ளைகள் இரண்டும் ஷிஃப்ட் மாறாமல் அழுதன. பஞ்சு இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். விடியும்வரை நடந்தான். பெண்டாட்டி எழுந்து வந்து, "என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள். பிள்ளைகளை அவளிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

மரப்பாலத்தின் கடைசியில் தண்ணீர்தான் இருந்தது. கயிறு கம்பத்தில் ஒரு சுற்றோடு தொங்கி, நுனி தண்ணீரில் மிதந்தது.

பிறகு தேடினார்கள். துறை அதிகாரி ஆள் அனுப்பினார். மீன்பிடிக்கிறவர்கள் போன பக்கமெல்லாம் கண் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பலகை அகப்படவில்லை. அதெல்லாம் பின்னால். அன்று காலை பஞ்சு காவலாளியிடம் போனான். அவர் அதே நாற்காலியில், மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன் தம்பி. விடியறதுக்கு முன்னால. நான் பாலத்துல ஒரு நடை நடந்துட்டிருக்கேன், எம் பக்கத்துலயே உரசிக்கிட்டுப் போகுது. பாய் விரிக்கல. கடல் தண்ணி துறைக்குள்ள ஏறுற நேரம், அத எதிர்த்துக்கிட்டு வெளிய போகுது. பின்னால தண்ணி நுரை நுரையாக் கொதிக்குது, பெரிய விசிறி சுத்துற மாதிரி."

"சுக்கான்ல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. சுக்கான் கட்டை மட்டும் அப்படி இப்படி அசையுது... பாத்துப் பாத்துத் திருப்புற மாதிரி. ஒரு எடத்துலயும் இடிக்கல."

"உள்ள?"

"ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். அம்மா தூங்குறாங்க. போர்வை கழுத்து வரைக்கும் இருந்துச்சு."

"கூப்பிட வேண்டியதுதானண்ணே! கத்தி எழுப்ப வேண்டியதுதான!"

"அப்படித் தூங்குறவங்கள எப்படித் தம்பி எழுப்புறது?"

பஞ்சு ஸ்கூட்டர் பக்கம் திரும்பினான். கேட்கவேண்டாம் என்றுதான் நினைத்தானாம். தொழில் விடவில்லை.

"சத்தம்?"

காவலாளி எழுந்தார். அவன் தோளில் கையை வைத்து, ரசிகன் மாதிரி ஒரு தட்டுத் தட்டினார்.

"அதத்தான் சொல்ல வந்தேன் தம்பி. காத நல்லாத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். ஒரு பொட்டு சத்தம் இல்ல. என்னா வேல பாத்திருக்கீங்க!"